மெஷின் விழுங்கிய 200 வெள்ளி: பேங்கையே மாற்றிவிடலாமா?

பிறை_முறுக்கு:

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில் பினாங்குப் பக்கம் பிறையில் ஃபிளாட் வீட்டிலேயே முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி செய்து விற்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம்தான் எங்களுக்கு அறுவடை. அந்த வாரம் ஞாயிறு இரவு 9 மணிக்கு 2,350 வெள்ளியை (ரிங்கிட்டைத்தான் நாங்கள் வெள்ளி என்போம்) எடுத்துக்கொண்டு பேங்க் வாசலில் இருக்கும் சிடிஎம் மெஷினில், அதாவது பணம் போடும் மெஷினில், போடப் போனேன். வீட்டிலேயே இரண்டு தரம் எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு, துண்டுச் சீட்டில் எழுதியும் வைத்திருந்தேன்: ஐம்பது 31, இருபது 22, பத்து 36.

நோட்டுக் கட்டை வைத்ததும் மூடி மூடியது. வழக்கமாகக் கேட்கும் படபட சத்தம் பாதியில் ‘கர்ர்’ என்று மாறியது. மூடி மறுபடி திறந்து நான்கு பத்து வெள்ளி நோட்டு மட்டும் வெளியே வந்தது. அப்புறம் திரையில் மன்னிப்பு வாசகம். ரசீது இல்லை, ஒன்றும் இல்லை. பின்னால் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்து “ரோசாக் சுடா” (கெட்டுப்போச்சு) என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

மறுநாள் கிளைக்குப் போய் நம்பர் எடுத்து ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தேன். “14 வேலை நாள் ஆகும், மேடம்.” பாரத்தின் நகல் கேட்டேன், தரமாட்டோம் என்றார்கள். எட்டாவது வேலை நாளில் கணக்கில் 2,110 ஏறியது. உள்ளே போனது 2,310. மீதி 200 எங்கே என்று போன் செய்தால், “மெஷின் கணக்கு அவ்வளவுதான்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

16 வருஷமாக இதே பேங்க். அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போய் 50 வெள்ளி போட்டுத் திறந்து கொடுத்த கணக்கு. வீட்டு லோன் இங்கேதான், கடை க்யூஆர் ஸ்டிக்கர் இங்கேதான், மகன் சேமிப்பும் இங்கேதான். மாற்றிவிடு என்கிறார் வீட்டுக்காரர். 200 வெள்ளிக்காகவா என்று எனக்கே ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்னொரு பக்கம் அந்த ஒரு வரிப் பதிலை நினைத்தால் வயிறு எரிகிறது. நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

செந்தூல்_தம்பி:

மூடிட்டு வாங்க அக்கா. இதுக்கு மேல என்ன யோசனை லா. 200 வெள்ளின்னா எத்தனை டப்பா முறுக்கு?

பிறை_முறுக்கு:

ஒரு டப்பா 18 வெள்ளி தம்பி. பதினோரு டப்பா. மாவு பிசைந்தது, பிழிந்தது, சுட்டது எல்லாம் நான். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

தே_தாரிக்_கூராங்_மானிஸ்:

டிஜிட்டல் பேங்க் வந்தாச்சே. 2022 ஏப்ரலில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஐந்து உரிமங்களை அறிவித்தது. ஜிஎக்ஸ் பேங்க் 2023இல் வந்தது, அடுத்த வருஷம் ஏயோன் பேங்க், பூஸ்ட் பேங்க். ஐ.சியை (அடையாள அட்டையை) படம் பிடித்து முகத்தைக் காட்டினால் கணக்கு ரெடி. வரிசையும் கிடையாது, நம்பரும் கிடையாது. என் சம்பளமே இப்போது அங்கேதான்.

பிறை_முறுக்கு:

தம்பி, எனக்கு வருவதில் முக்கால்வாசி நோட்டு. பாட்டிமார் முறுக்கு வாங்க வந்தால் முந்தானையில் முடிந்த காசைத்தான் அவிழ்ப்பார்கள். அதைப் போனுக்குள் எப்படித் திணிப்பது?

தே_தாரிக்_கூராங்_மானிஸ்:

ஹாஹா. சரி, தோற்றேன்.

புக்கிட்_மெர்தாஜம்_வாசி:

பயப்படவே வேண்டாம் தங்கச்சி. பிஐடிஎம், அதாவது டெபாசிட் காப்பீட்டு நிறுவனம், இருக்கிறது. 250,000 வெள்ளி வரை அரசாங்கக் காப்பீடு. அவர்களிடம் எழுதிப் போடுங்கள், 200 வெள்ளியைக் கொடுத்துவிடுவார்கள்.

கவுன்டர்_தாத்தா:

இதைத் திருத்த வேண்டியிருக்கிறது, பலரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிஐடிஎம் காப்பீடு பேங்க் மூழ்கினால் மட்டும்தான். ஓர் ஆளுக்கு, ஒரு பேங்குக்கு 250,000 வெள்ளி வரை. மெஷின் நோட்டைக் கடித்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 997க்கும் போன் போடச் சொல்லி யாராவது எழுதுவார்கள். அது மோசடிக்காரனிடம் பணம் பறிபோன உடனே கூப்பிட வேண்டிய எண். இது மோசடி இல்லை, கணக்குப் பிசகு.

நான் 26 வருஷம் பேங்க் கவுன்டரில் உட்கார்ந்தவன், அதில் கடைசி எட்டு வருஷம் இந்த மெஷின்களோடுதான் மல்லுக்கட்டினேன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீங்கள் வைக்கும் நோட்டு நேராகப் பணப்பெட்டிக்குப் போவதில்லை. உருளைகள் ஒவ்வொன்றாக இழுத்து, சென்சார் பார்த்து, ஓர் இடைத்தட்டில் நிறுத்தி வைக்கும். திரையில் தொகையைக் காட்டி நீங்கள் சம்மதம் அழுத்திய பிறகுதான் பெட்டிக்குள் இறங்கும். மெஷினுக்குப் பிடிக்காத நோட்டு திரும்பி வரும். உங்கள் கட்டு எண்ணும்போதே சிக்கியிருக்கிறது. அப்படியானால் கொஞ்சம் இடைத்தட்டில் இருந்திருக்கும், கொஞ்சம் கழிவுப் பெட்டியில் விழுந்திருக்கும், நாலைந்து நோட்டு உருளைக்கு நடுவே ஒட்டிக் கிடந்திருக்கும். கடைசி வகைதான் வில்லங்கம். பணம் எடுக்க வரும் செக்யூரிட்டி ஆட்கள் பெட்டியை எண்ணிச் சீல் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். உருளையில் சிக்கியது பத்து நாள் கழித்து சர்வீஸுக்கு வரும் டெக்னீஷியன் கையில் கிடைக்கும். அதற்குள் உங்கள் புகாரை ‘முடிந்தது’ என்று மூடியிருப்பார்கள். அந்த நோட்டு யாருடையது என்று தெரியாமல் ‘அதிகப்படி’ என்று தனிக் கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

அதனால் போனில் சண்டை போடாதீர்கள். எழுத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். அன்று இரவு அந்த மெஷினின் ஜர்னல் பதிவு, அதாவது எத்தனை நோட்டை இழுத்தது, எங்கே தடுக்கியது என்று அதுவே எழுதி வைக்கும் பதிவு. அப்புறம் கேமரா. மூன்றாவதுதான் முக்கியம்: அன்றிலிருந்து இன்று வரை அந்த மெஷினில் அதிகப்படியாக வந்த தொகை. இந்த மூன்றாவதைக் கேட்டவுடனே, வந்திருப்பவருக்கு உள்விவகாரம் தெரியும் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நோட்டில் எண்ணெய் இருந்ததா?

பிறை_முறுக்கு:

அண்ணே... முறுக்கு சுடுகிற கை. கழுவிவிட்டுத்தான் எண்ணினேன். இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

கவுன்டர்_தாத்தா:

நினைத்தேன். 1 வெள்ளியும் 5 வெள்ளியும் பிளாஸ்டிக் நோட்டு, துடைத்தால் போய்விடும். 10, 20, 50, 100 எல்லாம் காகிதம், எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாக உள்ளே போனால் மெஷினுக்குப் பைத்தியம் பிடிக்கும். அதற்காக உங்கள் பணம் உங்களுடையது இல்லை என்று ஆகிவிடாது.

ஆயர்_ஈத்தாம்_அக்கா:

நான் இரண்டு வருஷம் முன்னால் மாறினேன். எல்லாரும் ஆப்பில் நாலு தட்டுத் தட்டினால் முடிந்தது என்பார்கள். எனக்கு நாலு மாதம் ஆனது.

என் கதை வேறு. ஆட்டோ டெபிட்டை நிறுத்தச் சொல்லியும் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது தடவை மேனேஜர் அறையில் நின்று சத்தம் போட்டுவிட்டு, அன்றைக்கே எதிர் வரிசையில் இருந்த இன்னொரு பேங்கில் கணக்குத் திறந்தேன். கோபத்தில் பழையதில் இருந்த காசை மொத்தமாக வழித்து எடுத்தேன். அதுதான் தப்பு. அந்தக் கணக்கிலிருந்து என் இன்சூரன்ஸ் பிரீமியமும் போய்க்கொண்டிருந்ததை மறந்தே போனேன். இரண்டு மாதம் பிரீமியம் திரும்பி, பாலிசி காலாவதியாகும் என்று கடிதம் வந்தபோது மயக்கம் வராத குறை. பேங்க் செய்த தப்பில் எனக்கு நஷ்டம் 90 வெள்ளி. நான் அவசரப்பட்டதில் போனது அதைவிட அதிகம்.

அதனால் தங்கச்சி, மாறுவதாக இருந்தால் முதலில் 12 மாத ஸ்டேட்மென்ட்டை இறக்கி ஒரு வரி விடாமல் பாருங்கள். மூன்று மாதம் போதாது. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை போவது, வருவது ஒளிந்துகொண்டிருக்கும். நான் தமிழ்க் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். இன்சூரன்ஸ், தண்ணீர், கரண்ட், ஈபிஎஃபில் (சேமநிதியில்) கொடுத்த கணக்கு எண், வருமான வரி திரும்பி வரும் கணக்கு, ஏஎஸ்என்பி யூனிட் டிரஸ்ட், அம்மாவின் எஸ்டிஆர் அரசாங்க உதவித்தொகை... எழுத எழுத தாள் தீர்ந்து அடுத்த நாளைக் கிழித்தேன். ராகு காலம் எமகண்டம் பார்க்க ஆள் இல்லாத நாள் நல்லவேளை.

லண்டனில் இருக்கும் என் நாத்தனார் இதைக் கேட்டுச் சிரித்தாள். அங்கே 2013 முதல், புதிய பேங்கிடம் சொன்னால் போதுமாம், ஏழு வேலை நாளில் எல்லாக் கட்டளையையும் அவர்களே மாற்றி வைத்துவிடுவார்களாம். இங்கே நாமேதான் ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும்.

செந்தூல்_தம்பி:

டியூட்நவ் நம்பர் (போன் நம்பருக்கே காசு அனுப்புற வசதி) மட்டும் ஈஸி. புது பேங்க் ஆப்பில் போய் உங்க போன் நம்பரை இந்தக் கணக்குக்கு மாத்துன்னு சொன்னா மாறிடும். ஒரு நம்பர் ஒரு கணக்குக்குத்தான்.

ஆயர்_ஈத்தாம்_அக்கா:

அது சொந்த நம்பருக்கு. கடையில் ஒட்டியிருக்கும் வியாபார க்யூஆர் அப்படி மாறாது. பழைய பேங்கில் பதிவு செய்த ஸ்டிக்கர் பழைய கணக்குக்குத்தான் போகும். புது பேங்கில் மறுபடி பதிந்து புது ஸ்டிக்கர் வாங்க வேண்டும். கணக்கை மூடிவிட்டுப் பழைய ஸ்டிக்கரை டப்பா மேல் விட்டு வைத்தால் வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிவுதான்.

கிட்டங்கி_பேரன்:

கொஞ்சம் விஷயத்தை விட்டு வெளியே போகிறேன், மன்னிக்கவும். பினாங்கு லெபோ பந்தாய் தெருவில் 1875இலேயே சார்ட்டர்ட் பேங்க் வந்துவிட்டது. ஆனால் நம் ஆட்களில் பலர் கடனுக்குப் போனது பக்கத்துத் தெருவில், பினாங்கு ஸ்ட்ரீட் செட்டியார் கிட்டங்கிக்குத்தான் (செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கடை). தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் கிளம்பும் கோயில் வீடு இருக்கிறதே, அதே தெரு. எங்கள் தாத்தா அங்கே பெட்டியடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். பெட்டியடி என்றால் பணப்பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏவிய வேலையைச் செய்வது. ராத்திரி கணக்கு முடிக்கும்போது ஒரு காசு இடித்தாலும் யாருக்கும் சோறு கிடையாது, அது கிடைக்கும் வரை பாயைத் தூக்கிப் பார்ப்பார்கள் என்று சொல்லுவார். குறைந்தால்தான் தேடுவீர்களா தாத்தா என்று கேட்டேன். “கூடினாத்தாண்டா பயம். கூடினா அது எவனோ ஒருத்தன் காசு” என்றார்.

கவுன்டர் தாத்தா எழுதிய ‘அதிகப்படி’ கணக்கைப் படித்ததும் அது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். (அந்தக் கிட்டங்கிகளின் வட்டிக்கதை தனிக்கதை. இங்கே வேண்டாம்.)

கவுன்டர்_தாத்தா:

உங்கள் தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு.

புக்கிட்_மெர்தாஜம்_வாசி:

பிஐடிஎம் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி. சரி, 200 வெள்ளி வரவே இல்லை என்றால் எங்கே போவது? பேங்க் நெகாராவா?

கவுன்டர்_தாத்தா:

முதலில் பேங்கின் புகார்ப் பிரிவு. கிளை அல்ல, புகார்ப் பிரிவு. ஈமெயிலில் அனுப்பி எண் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் முடிவாக எழுத்தில் பதில் தந்து அது உங்களுக்குத் திருப்தி இல்லை என்றால், ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவையிடம் (இரு பக்கமும் கேட்டுப் புகாரைத் தீர்த்து வைக்கும் அமைப்பு) போகலாம். சுருக்கமாக எஃப்எம்ஓஎஸ். முன்பு பேங்க், இன்சூரன்ஸ் புகார்களைப் பார்த்த ஓஎஃப்எஸ் என்று இருந்ததை முதலீட்டுப் புகார்களைப் பார்த்த சிட்ரெக்கோடு சேர்த்து 2025 ஜனவரி 1 முதல் ஒன்றாக்கினார்கள். 60 நாளாகியும் பேங்க் வாயே திறக்கவில்லை என்றாலும் போகலாம். நமக்குக் கட்டணம் இல்லை. பேங்க் நெகாராவுக்கும் எழுதலாம், அவர்கள் பேங்கின் நடத்தையைப் பார்ப்பார்கள். ஆனால் அதற்கெல்லாம் கையில் காகிதம் வேண்டும். பாரத்தின் நகல் தரமாட்டோம் என்ற அன்றைக்கே நீங்கள் போனிலாவது படம் எடுத்திருக்க வேண்டும்.

பேங்க் மாறுவது பற்றிக் கேட்டீர்கள். என் அபிப்பிராயம்: மெஷின் சிக்கியதற்காக மாறாதீர்கள். எதிர் பேங்கிலும் பெரும்பாலும் அதே மாதிரி மெஷின்தான், அதே மாதிரி செக்யூரிட்டி வண்டிதான். கேட்டவுடன் யார் எழுதிக் கொடுக்கிறார்கள், யார் தட்டிக் கழிக்கிறார்கள் என்பதைப் பார்த்து மாறுங்கள். மாறினாலும் வீட்டு லோனைத் தொடாதீர்கள். அதை இன்னொரு பேங்குக்குக் கொண்டுபோனால் வக்கீல் செலவு, லோன் பத்திரத்துக்கு 0.5 விழுக்காடு முத்திரை வரி, லாக்-இன் காலம் (லோனை முன்கூட்டி முடிக்கக் கூடாத காலம்) முடியாவிட்டால் அபராதமும் சேரும். வட்டி நன்றாகக் குறைந்தால் அது தனிக் கணக்கு. 200 வெள்ளி கோபத்துக்கு அது மருந்து இல்லை.

ஆனால் லோனும் வியாபாரக் காசும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. தவணை பாக்கி விழுந்தால், லோன் ஒப்பந்தத்தின்படி அதே பேங்கில் இருக்கும் சேமிப்பிலிருந்து அவர்கள் பிடித்துக்கொள்ளும் உரிமை உண்டு. மாவு வாங்க வைத்திருந்த காசு ஒரு காலையில் இருக்காது. கவுன்டரில் இதைச் சொல்லி அழுத ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறை_முறுக்கு:

அண்ணே, இதை யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. லோன் எடுக்கும்போது 40 பக்கம் கையெழுத்து வாங்கினார்கள்.

செந்தூல்_தம்பி:

நாமளும் 40 பக்கமும் படிக்கல லா. நானும்தான்.

பிறை_முறுக்கு:

மூன்று வாரம் ஆகிவிட்டது, வந்து சொல்லாததற்கு மன்னிக்கவும். கல்யாண ஆர்டர் இருந்தது.

நடந்தது இதுதான். கவுன்டர் தாத்தா சொன்னபடி மூன்று கேள்வியையும் மகளை வைத்து மலாயில் ஈமெயில் எழுதிப் புகார்ப் பிரிவுக்கு அனுப்பினேன். துண்டுச் சீட்டையும் படம் பிடித்து இணைத்தேன். (சீட்டின் ஒரு மூலை முழுக்க எண்ணெய்க் கறை. மகள் சிரித்தாள்.) இரண்டாம் நாளே புகார் எண் வந்தது. அதைத் தாளில் எடுத்துக்கொண்டு கிளைக்கும் போனேன். அதே பெண்தான் உட்கார்ந்திருந்தார். ‘அதிகப்படி’ என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்து நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார். “மேடம், முன்னால் பேங்கில் வேலை செய்தீர்களா?” என்றார். இல்லை, முறுக்கு சுடுகிறேன் என்றேன். எழுந்து உள்ளே போய் ஓர் அதிகாரியைக் கூட்டி வந்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சீல் போட்டு நகல் கொடுத்தார்கள்.

ஈமெயில் போட்ட 11ஆவது வேலை நாளில் 200 வெள்ளி ஏறிவிட்டது. நாலு ஐம்பது. டெக்னீஷியன் வந்தபோது உருளைப் பக்கம் கிடைத்ததாகக் கடிதத்தில் இருந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி.

ஆயர்_ஈத்தாம்_அக்கா:

அப்பாடா! அப்போது அங்கேயே இருக்கப் போகிறீர்களா?

பிறை_முறுக்கு:

பாதி இருக்கிறேன் அக்கா. லோன் அங்கேயே இருக்கட்டும், மாதா மாதம் தவணைக்குள்ள காசை மட்டும் போட்டு வைப்பேன். வியாபாரத்துக்கு வேறு பேங்கில் கணக்குத் திறந்துவிட்டேன், க்யூஆர் ஸ்டிக்கர் மாற்றியாயிற்று. மகன் சேமிப்பைத் தொடவில்லை.

பணம் வந்த பிறகும் ஏன் என்று வீட்டுக்காரரே கேட்டார். பணம் அந்த மெஷினுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. முதல் தடவை நான் கேட்டபோதே திறந்து பார்த்திருக்கலாம். சரியான வார்த்தை தெரிந்தவர்களுக்குத்தான் திறப்பார்கள் என்றால், முந்தானையில் காசு முடிந்து வரும் பாட்டிக்கு யார் ஈமெயில் எழுதுவார்கள்? இதை நினைத்த பிறகு அங்கே கட்டுக் கட்டாகப் பணம் போட மனசு வரவில்லை. ஆனால் அந்த கவுன்டர் பெண் மேல் வருத்தமில்லை. வருகிற தீபாவளிக்கு ஒரு டப்பா கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

கவுன்டர்_தாத்தா:

நல்ல ஏற்பாடு. மகன் கணக்கில் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பத்து வெள்ளி போடுங்கள், அல்லது எடுங்கள். 12 மாதம் அசையாமல் கிடந்தால் செயலற்ற கணக்கு ஆகி வருஷக் கட்டணம் பிடிக்க ஆரம்பிப்பார்கள். ஏழு வருஷம் போனால் உரிமை கோரப்படாத பணம் என்று அரசாங்கக் கணக்காய்வுத் துறைக்கு... இல்லை, தவறு, தலைமைக் கணக்காளர் துறைக்குப் போய்விடும். திரும்ப வாங்கலாம், ஆனால் அலைச்சல்.

தே_தாரிக்_கூராங்_மானிஸ்:

அக்கா, புது பேங்க் மெஷின் எப்படி? நோட்டைக் கடிக்காமல் இருக்கிறதா?

பிறை_முறுக்கு:

இப்போதெல்லாம் மகள் போனில் வீடியோ எடுக்க, நான் நோட்டை விசிறி மாதிரி விரித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். பின்னால் நிற்பவர்கள் யூடியூப் சேனல் என்று நினைக்கிறார்கள்.

ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஒரே ஓர் ஐம்பது வெள்ளியை மட்டும் நேற்று மூன்று தடவை துப்பிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நடுவில் என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை. முகர்ந்தால் ஓமவாசனை.